சர்க்கார் போட்ட பகல் நாடகம்

போன மாதம் ஓர் இளைஞர் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு தேடி வந்தார். விளம்பர இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவராம். நாடகக்காரர்களையும் கூத்துக்காரர்களையும் வைத்துச் சுகாதாரப் பிரசாரம் செய்யப் போகிறார்களாம். தொடக்க விழாவில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"நம்ம பக்கத்துல இதுக்கு நீங்கதான் முன்னோடின்னு சொல்லுதாக அய்யா. அந்தக் காலத்துல காலரா ஓஞ்சதும் கலைஞர்களுக்குச் சர்க்கார் கைகொடுத்துத் தூக்கி விட்டுச்சாமே. அதப் பத்திப் பேசுனாப் போதும்" என்றார்.

நான் மேடையில் அதைப் பற்றிப் பேசினால் பாதியிலேயே மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சர்க்கார் கைகொடுத்தது உண்மைதான். தூக்கிவிட்டது மட்டும்தான் பொய்.

நான் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சென்னையில் பயிற்சி. எலியில் எத்தனை வகை, ஈயில் எத்தனை வகை, கக்கூஸில் எத்தனை வகை என்றெல்லாம் அங்கே சொல்லித் தந்தார்கள். அதிகாரிகளில் எத்தனை வகை என்று சொல்லித் தரவில்லை. அந்தப் பாடத்தை ராஜபாளையத்தில் வேலைக்கு வந்த பிறகு டாக்டர் அம்பலவாணனிடம் படித்தேன்.

அவர் எங்கள் ஹெல்த் ஆபீசர். மூக்குக்கு நேரே யூகலிப்டஸ் தைலம் தோய்த்த கைக்குட்டை ஒன்று எப்போதும் இருக்கும். எந்தக் கதவையும் தானாகத் தொட்டுத் திறக்க மாட்டார். கைப்பிரம்பால் தட்டுவார், பியூன் திறப்பான். பேச்சில் 'நான்' என்ற வார்த்தையே வராது. 'தீர்மானிக்கப்பட்டிருக்கிறது', 'விரும்பப்படவில்லை', 'கவனிக்கப்படும்' என்றுதான் பேசுவார். ஒரு தடவை ஆபீசில் பியூனிடம், "காப்பி எதிர்பார்க்கப்படுகிறது" என்றார். அந்தப் பேச்சில் ஒரு சௌகரியம் இருந்தது. எது நடந்தாலும் அதைச் செய்தவர் என்று ஒருவர் இருக்க மாட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மழை பொய்த்துக் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. வாந்திபேதி வந்தது. கிராமம் கிராமமாகத் தாவி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வந்து சேர்ந்தது. எனக்குச் சாப்பாடும் தூக்கமும் சைக்கிள் மேல்தான். கிணற்றுக்கு மருந்து போடுவது பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தெரியும். முதலில் கிணற்றின் வாய் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் கயிறு விட்டு அளக்க வேண்டும். அதற்குத் தக்க பிளீச்சிங் பவுடரை வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் கரைக்க வேண்டும். மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும் வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீருக்கு அடியில் மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். அவசரக்காரர்கள் பவுடரை அப்படியே மேலே தூவிவிட்டுப் போவார்கள். கிணறு வெள்ளையாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. நோய்க்கும் நிம்மதி.

கூட்டம் கூடும் எதற்கும் தடை போட்டார்கள். ஆடி மாதத் தேருக்கு வெளியூர் ஜனங்களுக்கு ரயில் டிக்கெட் கொடுக்கவில்லை. சந்தை இல்லை, கூத்து இல்லை, நாடகம் இல்லை. அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன், அது வேண்டியதுதான். ஆனால் தடை போட்டவர்கள் யாரும், நாடகக்காரன் அதுவரை எதைச் சாப்பிடுவான் என்று யோசிக்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு சந்து முழுக்க நாடகக்காரர்கள் குடியிருந்தார்கள். அவர்களில் கோமதி ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். அவள் புருஷன் மாடசாமி பபூன். அவன் குரலுக்கு மேடையில் ஒலிபெருக்கி வேண்டியதில்லை, கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். அந்த மாதங்களில் கோமதி தலையில் விறகுக்கட்டோடு போவதைப் பார்த்திருக்கிறேன். மாடசாமி மில்லுக்குப் பஞ்சுப் பொதி சுமந்தான். மில் தொழிலாளிகள் தங்கள் சாப்பாட்டில் மிச்சம் வைத்து அந்தச் சந்துக்குக் கொடுத்து அனுப்பினார்கள். சர்க்காருக்கு அப்போது அவர்கள் நினைவு வரவில்லை.

நோய் அடங்கிய பிறகுதான் வந்தது. 'முடங்கிக் கிடக்கும் கலைகளுக்குப் புத்துயிர் ஊட்ட' என்று ஓர் உத்தரவு. கலைஞர் குடும்பங்களுக்கு அரிசி, நாடகத்துக்கு வரி விலக்கு, சர்க்கார் செலவில் பந்தல். தடை எங்கள் இலாகா வழியாகப் போடப்பட்டதால், புத்துயிரும் எங்கள் இலாகா வழியாகவே ஊட்டப்பட வேண்டும் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். கலைக்கு அதிபதியாக டாக்டர் அம்பலவாணன் அமர்ந்தார்.

ராஜபாளையம் பயணியர் பங்களாவில் தேர்வு நடந்தது. பாட்டுக்காரர்கள், மேளக்காரர்கள், நாடகக்காரர்கள் எல்லாரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். யாரையும் பாடச் சொல்லவில்லை, ஆடச் சொல்லவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், பிரம்பு நுனியால் நகங்களைச் சுட்டிக்காட்டினார். வயதான நாயனக்காரர் ஒருவர் வந்தார். கோயில் வாசலில் அவர் வாசித்தால் தெருவே நின்று கேட்கும். டாக்டர் பக்கத்திலிருந்த, கிருமி கொல்லும் பர்மாங்கனேட் தண்ணீரைக் காட்டி, "குழலில் வாய் வைக்கும் அந்தச் சீவாளி இதில் முக்கி எடுக்கப்பட வேண்டும்" என்றார்.

"எஞ்சாமி, இத முக்குனா பொறவு சத்தம் வராது. என் வாயத் தவிர வேற வாய் படாத சீவாளி இது" என்றார் அவர்.

"சத்தம் இரண்டாம் பட்சம்."

 நாயனக்காரர் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அவர் வீட்டுக்கு அரிசி போகவில்லை. 'ஒத்துழைப்பு மறுக்கப்பட்டது' என்று டாக்டர் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

கடைசியில்தான் உண்மையான வெடி வெடித்தது. அரிசி வேண்டுமானால் நாடகம் போட வேண்டும். அந்த நாடகத்தை டாக்டரே எழுதி வைத்திருந்தார். 'கிருமிகாசுர வதம்'. ஐந்து அங்கம். ஆரோக்கிய ராஜன் என்று ஓர் அரசன், சுத்தவல்லி என்று ஓர் அரசி, கிருமிகாசுரன் என்று ஓர் அரக்கன். பிளீச்சிங் பவுடரின் அளவு முறைகளைக் கல்யாணி ராகத்தில் பாட்டாக்கியிருந்தார். பபூன் கிடையாது. சிரிப்பது வியாதியின் கொடுமையைக் குறைத்துக் காட்டுமாம். இரவில் கண் விழிப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் என்பதால் நாடகம் மாலை நாலு மணிக்குத் தொடங்கி, விளக்கு வைப்பதற்குள் முடிய வேண்டும்.

கோமதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அரிதாரம் ராத்திரி வெளிச்சத்துக்குப் போடுதது. வெயில்ல எங்க மூஞ்சியப் பாத்தா எங்க பிள்ளைகளே பயந்து ஓடுமே. அவியகிட்ட நீங்க சொல்லக்கூடாதா?"

சொன்னேன். "பரிசீலிக்கப்பட்டுவிட்டது" என்றார் டாக்டர். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே பரிசீலித்திருந்தார்.

அரிசிக்காக ஒத்துக்கொண்டார்கள். மாடசாமிக்கு அசுர வேஷம். ஒத்திகையில் ஆர்மோனியக்காரர் பிளீச்சிங் பாட்டுக்குத் தாளம் கிடைக்காமல் தவித்ததைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. மாடசாமி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணாச்சி, நான் எம்புட்டோ அசுரனா ஆடியிருக்கேன். எல்லாரும் வரம் வாங்கிச் சாவானுக. இந்தப் பய ஊசியில செத்துப் போவுதான். என்னத்தச் சொல்ல" என்றான்.

நாடகத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து டாக்டர் சாதாரண மனிதராக இல்லை. சந்தைத் திடலில் பந்தல் எழும்பியது. சாலையோரக் குடிசைகளை மறைக்கத் தென்னந்தட்டிகள் நட்டார்கள். அந்தத் தட்டி ஒவ்வொன்றும் ஒரு குடிசைக்குக் கூரையாகியிருக்கும்.

அந்த வாரத்தில் நாடகக்காரர்கள் சந்தில் ஒரு சிறுமிக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டுப் போனேன். பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தச் சந்து முழுவதற்கும் ஒரே கிணறு. யுத்தத்தால் பிளீச்சிங் பவுடர் வரத்து நின்று, எங்கள் ஸ்டோரில் ஒரே ஒரு பீப்பாய்தான் மிச்சம் இருந்தது. அதை எடுக்கப் போனபோது ஸ்டோர் காலி. சாலையில் போய்ப் பார்த்தேன். பஸ் ரோட்டிலிருந்து பந்தல் வாசல் வரை இரண்டு பக்கமும் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. வாசலில் ஆள் நீளத்துக்கு 'நல்வரவு' என்று எழுத்து. எல்லாம் பிளீச்சிங் பவுடர். ஒருவன் குந்தி உட்கார்ந்து 'வு'வுக்கு வால் இழுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் ஓடினேன். "சார், சந்துக் கிணத்துக்கு மருந்து போடணும். பவுடர் அம்புட்டும் ரோட்டுல கிடக்கு. ஒரு குழந்தைக்குப் பேதி."

"மிஸ்டர் ஞானமுத்து, இந்த ஊரில் நோய் ஒழிந்துவிட்டது என்று மேலே ரிப்போர்ட் அனுப்பப்பட்டுவிட்டது. ஒழிந்த நோய்க்குப் பவுடர் எதற்கு?" என்றார். கைக்குட்டைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கூட இருந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சந்தில் வீடு வீடாகச் சொன்னேன். விறகு விற்றுச் சாப்பிட்டவர்களிடம் விறகை எரிக்கச் சொல்கிறோமே என்று எனக்கே நாக்குக் கூசியது.

நாடக தினம் வந்தது. நாலு மணி வெயில் பந்தலுக்குள் சாய்ந்து அடித்தது. கோமதியின் முகத்தில் அரிதாரம் கோடு கோடாக வழிந்தது. பெரிய அதிகாரிக்கு மாலை போட்டு, வாழ்த்துப் படித்து, டாக்டர் பேசத் தொடங்கினார். கலையைச் சாவிலிருந்து மீட்டது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு முடியும் வரை மாடசாமி கறுப்பு அங்கியும் கொம்பும் மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

திரை தூக்கினார்கள். அசுரன் வந்தான். இரண்டு அடி வைத்தான், தள்ளாடினான். "நானே..." என்று ஆரம்பித்தான். கடைசி வரிசையை எழுப்பும் அந்தக் குரல் காற்றுப் போன மாதிரி கிசுகிசுத்தது. மடங்கி உட்கார்ந்து அங்கேயே வாந்தி எடுத்தான். கை கால் இழுத்துக்கொண்டது.

பெரிய அதிகாரி எழுந்து கை தட்டினார். "என்ன தத்ரூபம்!" என்றார். அவர் தட்டியதால் டாக்டர் தட்டினார். டாக்டர் தட்டியதால் முன்வரிசை முழுக்கத் தட்டியது. தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் தட்டவில்லை. அவர்கள் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு அதைப் பார்த்தவர்கள்.

அசுரனை மேடைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் ஓடினேன். மாடசாமியின் கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனிகள் சுருங்கி, உடம்பு ஜில்லிட்டிருந்தது. அரிசி கழுவின தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சோதனைக்கூடம் தேவைப்படவில்லை. டாக்டர் வந்தார், மூன்று அடி தள்ளியே நின்றார்.

"அஜீரணம் என்று குறிக்கப்படலாம்" என்றார்.

"சார், இது காலரா."

"அஜீரணம்" என்று பிரம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முன்பக்கம் போய்விட்டார்.

எங்கள் வேலையில் முதல் காலரா கேஸைக் கண்டவுடன் மேலிடத்துக்குத் தந்தி கொடுப்பது என் கடமை. கொடுத்தால் மறுபடியும் தடை வரும். ஆர்மோனியக்காரர் அது தெரிந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, எழுதிராதீக. இன்னும் அரிசி வந்து சேரல. திரும்பத் தடை போட்டா நாங்க அம்புட்டுப் பேரும் பட்டினியில சாவோம். பேதியில ஒருத்தன் ரெண்டு பேருதான் போவான்" என்றார்.  வேஷத்தோடு நின்ற ஆரோக்கிய ராஜன் தலையைக் குனிந்துகொண்டான்.  அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கோமதி புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சுத்தவல்லியின் ஜரிகைச் சேலை முழுக்க நனைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எழுதுங்க அண்ணாச்சி. அந்தக் கிணத்துல இப்பமும் பொம்பளைக தண்ணி எறச்சிக்கிட்டிருப்பாளுக. போங்க" என்றாள். ஆர்மோனியக்காரரைப் பார்த்து, "அரிசி இன்னைக்கு இல்லன்னா வேற எங்கனயாச்சும் கேட்டுக்கிடலாம் மாமா" என்றாள்.

பந்தல் வாசலில் இரண்டு கார்கள் நின்றன. நோயாளியை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒன்றைக் கேட்டேன். 'வாகனம் அசுத்தமாகும்' என்று பதில் வந்தது. நாடகச் சாமான் வண்டியில் தர்பார் சீன் திரையை மடித்து விரித்து, அதன் மேல் மாடசாமியைக் கிடத்தினோம். தூண்களும் சிங்காதனமும் தீட்டிய அந்தத் துணியின் மேல், கொம்பைக் கூடக் கழற்றாமல் கிடந்தான். கோமதி ஏறிக்கொண்டாள். நான் தந்தி ஆபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டுச் சந்துக்குப் போனேன்.

ரோட்டில் கிடக்கும் பவுடரைக் கூட்டி அள்ளிக் கிணற்றில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். நாலைந்து நாள் வெயில் தின்ற பவுடர் வெறும் சுண்ணாம்பு. பயணியர் பங்களாவில் சீவாளி முக்க வைத்திருந்த பர்மாங்கனேட் புட்டி நினைவுக்கு வந்தது. யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்து, கரைத்துக் கிணற்றில் கலக்கினேன். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது. அதைப் பார்த்து யாரும் குடத்தை இறக்கவில்லை. அதுவே பாதி வைத்தியம்.

மாடசாமிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். அந்தச் சிறுமி பிழைக்கவில்லை. பந்தலுக்குக் கால் நட்ட தொழிலாளி ஒருவனும் போனான். அவனுக்கும் அந்தச் சந்துக் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கக் கொடுத்திருந்தார்கள்.

மறுபடியும் தடை வந்தது. டாக்டர் மேலே எழுதிய விளக்கத்தை நான் பின்னால் பார்த்தேன். 'கலைஞர்களின் அசுத்தப் பழக்கங்களால் நோய் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஆகவே உதவி நிறுத்தப்பட்டது.' கொண்டுவந்தவர் யார் என்பதை அந்த வாக்கியத்திலும் தேட முடியாது. அடுத்த வருஷமே அவர் சென்னைக்குப் பெரிய பதவியில் போனார். கலை மூலம் சுகாதாரத்தைப் பரப்புவதில் நிபுணர் என்று பேர். என்னைத் தண்டனையாகத் தளவாய்புரத்துக்கு மாற்றினார்கள். அது என் மனைவியின் ஊர். தண்டனை கொடுத்தவர்களுக்காக அவள் சர்ச்சில் ஜெபம் செய்தாள்.

தடை நீங்கிய பிறகு இந்த முறை சர்க்கார் யாருக்கும் புத்துயிர் ஊட்ட முன்வரவில்லை. நாடகக்காரர்களின் அதிர்ஷ்டம் அது. மில் தொழிலாளிகள் வசூல் போட்டு முதல் நாடகத்தை நடத்தினார்கள். அறுவடை முடிந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. புராண நாடகத்துக்கு நடுவில் மாடசாமி புதிதாக ஒரு பபூன் காட்சி சேர்த்திருப்பதாகக் கேள்வி. தேவலோகத்துக்கு ஒரு டாக்டர் வந்து தேவர்களின் நகங்களைப் பரிசோதிக்கிறாராம். ஜனங்கள் அதற்காகவே வண்டி கட்டிப் போனார்கள்.

அது சென்னை வரை எட்டியிருக்கிறது. 'மேற்படி நாடகத்தில் சர்க்கார் ஊழியர்கள் அவமதிக்கப்படுவதாகத் தெரிகிறது. நேரில் பார்த்து அறிக்கை அனுப்பவும்' என்று எனக்கு உத்தரவு வந்தது. அந்த வாரம் சேத்தூரில் நாடகம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் திமுதிமுவென்று வந்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் வேஷம் போடுவதற்கு முன்னால் கோமதியே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. உத்தரவு வந்த சேதி அவளுக்கும் எட்டியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. சர்க்கார் ஆளா வந்திருக்கீகளா, நாடகம் பாக்க வந்திருக்கீகளா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்மா?"

"சர்க்கார் ஆளுன்னா முன்னால நாற்காலி போட்டிருக்கு, துட்டு வேண்டாம். நாடகம் பாக்கன்னா தரை டிக்கெட்டு."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். நான் சட்டைப் பையில் கைவிட்டுக் காசை எடுத்து நீட்டினேன். கோமதி அதை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தாள்.  "சீக்கிரம் போங்க. பொறவு எடம் கிடைக்காது" என்றாள்.

உள்ளே மணல் தெரியாமல் ஜனம் உட்கார்ந்திருந்தது. நடுவில் வழி தேடிக் கொண்டிருந்தபோது, காடுகரையில் பாடுபடுகிற சம்சாரி ஒருவர் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தார்.

"ஏலே, செத்த தள்ளி உக்காருலே. அவரும் டிக்கெட்டு வாங்கித்தான வாராரு."

அவன் தள்ளி உட்கார்ந்தான். நான் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.